கீமோவுக்குப் போவது விசுவாசக் குறைவா?

பெரம்பூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 58 வயது, மார்பகப் புற்றுநோய். எட்டு கீமோவில் மூன்று முடிந்துவிட்டது, நாலாவது வருகிற புதன்கிழமை. வீட்டில் ஜெபக்குழு நடத்துகிற அக்கா, "அவருடைய தழும்புகளால் நீங்கள் ஏற்கெனவே குணமாகிவிட்டீர்கள், இனியும் கீமோவுக்குப் போனால் ஆண்டவரை நம்பவில்லை என்று அர்த்தம், கேன்சர் என்ற வார்த்தையையே வாயில் எடுக்காதீர்கள்" என்கிறாராம். அண்ணனோ, "எல்லாம் தேவசித்தம், நடக்கிறதுதான் நடக்கும், எதுக்கு இந்த அலைச்சல்" என்கிறாராம். இந்த இரண்டு பேரில் யார் சொல்வது சரி, ஆண்டவர் எல்லாவற்றையும் முன்னமே தீர்மானித்துவிட்டார் என்றால் நான் ராத்திரி முழங்கால் போடுவது எதற்கு என்பது கேள்வி.

சகோதரி, இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. ஏன் என்று கீழே நீளமாகச் சொல்கிறேன். ஆனால் அதைப் படித்து முடித்தாலும் முடிக்காவிட்டாலும் புதன்கிழமை அம்மாவைக் கீமோவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நிறுத்துவதா, தள்ளிப்போடுவதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவரைப் பார்க்கிற டாக்டர். ஜெபக்குழு அக்காவுக்கு அதில் வேலை இல்லை, எனக்கும் இல்லை.

நான் பாஸ்டர் கிடையாது. 31 வருடம் லேபில் ரத்தம் பரிசோதித்தவன். ஓய்வு பெற்றபின் எங்கள் சி.எஸ்.ஐ. சபை சார்பில் வாரத்துக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரி வார்டுகளுக்குப் போய் நோயாளிகளோடு உட்கார்ந்து, கேட்டால் ஜெபித்துவிட்டு வருகிறேன். அங்கே பார்த்த ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குள் நுழைய எனக்குத் தெரியவில்லை.

ஒரு அம்மாவுக்குப் புற்று எலும்புவரை போய்விட்டது. "தம்பி, நூற்றிமூணாம் சங்கீதம் வாசிங்க" என்றார். தலையணைக்கு அடியில் இருந்த அவருடைய பைபிளை எடுத்து ஜிப்பைத் திறந்தால், கவரின் உள்பையிலிருந்து டிஷ்யூவில் சுற்றிய மாத்திரைகள் மடியில் கொட்டின. எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. வலிக்குக் கொடுக்கிற மார்ஃபின். நர்ஸ் நிற்கும்போது வாயில் போட்டுக்கொண்டு, அவர் அடுத்த கட்டிலுக்குப் போனதும் எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறார். சிலதில் ஓரம் கரைந்திருந்தது. வலியில் போர்வையைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடந்த மனுஷி அவர். என்னைப் பார்த்துக் கேட்டார், "மாத்திரை போட்டா ஆண்டவர் கோச்சுப்பாரா தம்பி?" யாரோ வந்து, சந்தேகப்படுகிறவன் எதையும் பெற மாட்டான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் சங்கீதத்தை மூடிவைத்துவிட்டு நர்ஸைக் கூப்பிட்டேன். மருந்து கொடுத்து முக்கால் மணி நேரம் போல ஆனது, நெற்றியில் இருந்த சுருக்கம் கொஞ்சம் விட்டது, அதற்குப் பிறகுதான் வாசித்தேன். "உன் நோய்களையெல்லாம் குணமாக்கி" என்ற வரி வந்தபோது எனக்குக் குரல் சரியாக வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "உனக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான் சுகமாகவில்லை" என்று படுக்கையில் இருக்கிற நோயாளியைப் பார்த்து இயேசு சொன்ன இடம் நாலு சுவிசேஷத்திலும் இல்லை. தேடிப் பாருங்கள். சுகமானவர்களிடம் "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று சொன்னதுண்டு. நாசரேத்தூரில் ஊரே அவரை ஏற்காததைக் கண்டு ஆச்சரியப்பட்டதும் உண்டு, அங்கேயும் சில நோயாளிகள்மேல் கைவைத்துச் சுகமாக்கினார் என்று அதற்கு முந்தின வசனத்தில் மாற்கு எழுதுகிறார். ஆனால் ஒரு நோயாளி சுகமாகாமல் நின்று, அதற்கு விசுவாசக் குறைவுதான் காரணம் என்று நேராகச் சொல்லப்பட்ட இடம் மத்தேயு 17. வலிப்பு வந்து தீயிலும் தண்ணீரிலும் விழுகிற பையன். அங்கே திட்டு யாருக்கு விழுந்தது? பையனுக்கு இல்லை, அப்பாவுக்கும் இல்லை. ஜெபித்துப் பார்த்துத் தோற்றுப்போன சீஷர்களுக்கு! "எங்களால் ஏன் முடியவில்லை" என்று அவர்கள் தனியாக வந்து கேட்கிறார்கள், உங்கள் அவிசுவாசத்தினால்தான் என்கிறார். அந்த அப்பா என்ன பெரிய விசுவாசியா? மாற்கு 9-இல் அவர் வாயிலிருந்து வருவது, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பாதி நம்பிக்கை, பாதி பயம். அந்தப் பாதியை வைத்தே பையனைத் தூக்கி நிறுத்தினார்.

யாக்கோபு 5 எல்லோரும் காட்டுகிற வசனம். அதையும் நிதானமாக வாசிக்க வேண்டும். வியாதியாயிருக்கிறவன் செய்ய வேண்டியது சபையின் மூப்பரை வரவழைப்பது, அவ்வளவுதான். எண்ணெய் பூசுவது அவர்கள், ஜெபிப்பது அவர்கள், "விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும்" என்கிறபோது அந்த விசுவாசமும் ஜெபிக்க வந்தவர்களுடையது. மாற்கு 2-இல் கூரையைப் பிரித்து இறக்குகிறார்களே, அங்கேயும் இயேசு கண்டது "அவர்கள் விசுவாசத்தை". கட்டிலில் கிடந்தவன் வாயே திறக்கவில்லை. பெதஸ்தா குளத்தில் 38 வருடம் படுத்திருந்தவனுக்குத் தன்னைக் குணமாக்கினவர் யார் என்றே தெரியாது. சுற்றிலும் ஐந்து மண்டபம் நிறைய நோயாளிகள், அன்றைக்கு எழுந்து நடந்ததாக யோவான் சொல்வது ஒருவனை. மற்றவர்கள் ஏன் இல்லை என்று யோவான் ஒரு வார்த்தை எழுதவில்லை. நாமும் எழுதக் கூடாது என்று நினைக்கிறேன்.

ஆக, அந்த அக்கா காட்டுகிற கணக்குப்படியே போனாலும், சுகம் தாமதமானால் முதலில் தன் விசுவாசத்தைத்தான் அவர் சோதித்துப் பார்க்க வேண்டும். உங்கள் அம்மாவுடையதை இல்லை.

"கேன்சர் என்று சொல்லாதே, சொன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும்" என்கிற போதனை பவுலிடமிருந்தும் வரவில்லை, பேதுருவிடமிருந்தும் வரவில்லை. அமெரிக்காவில் இ.டபிள்யூ. கென்யன் (1867–1948) என்பவர் எழுதியதிலிருந்து கிளம்பி, கென்னத் ஹேகின் (1917–2003) வழியாகப் பரவியது. வாயால் அறிக்கையிட்டால் நடந்துவிடும், உடம்பில் தெரிகிற அறிகுறி பொய் என்பது அதன் சாரம். கேபிள் டிவி வந்தபின் நம் வீடுகளுக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. மருந்தே தொடாத பழைய பெந்தெகொஸ்தே ஊழியர்கள் சிலரை எனக்குத் தெரியும், அவர்கள் வேறு ரகம். தங்கள் சரீரத்தில் எடுத்த தீர்மானம், வலியோடு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே போனார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, ஆனாலும் மரியாதை உண்டு. இது அது இல்லை. இது அடுத்தவர் சரீரத்தில் நடத்துகிற பரீட்சை.

தாவீது எலும்பில் சுகமில்லை என்று வாய்விட்டு அழுகிறான், அதைத்தான் நாம் சங்கீதமாக ராகம் போட்டுப் பாடுகிறோம். தன்னோடு ஊழியம் செய்த எப்பாப்பிரோதீத்து பற்றிப் பவுல் எழுதுவதைப் பாருங்கள். "அவன் வியாதிப்பட்டு மரணத்திற்குச் சமீபமாயிருந்தது மெய்தான்." மெய்தான் என்கிறார், மறைக்கவில்லை. அடுத்து, "ஆகிலும், தேவன் அவனுக்கு இரங்கினார்." பிழைத்ததற்குக் காரணமாக இரக்கத்தைத்தான் சொல்கிறார், எப்பாப்பிரோதீத்துவின் அறிக்கையை இல்லை. அதே பவுல் தன் இன்னொரு கூட்டாளி துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவிட்டு வந்தேன் என்று எழுதுகிறார். வயிற்றுக் கோளாறுக்கு என்ன செய்யலாம் என்று தீமோத்தேயுவுக்குக் கைவைத்தியம் சொல்கிறார். தன் மாம்சத்தில் முள் என்று அவர் சொல்கிற வேதனைக்காக மூன்று தரம் கெஞ்சி, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதிலோடு எழுந்து போகிறார். பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அக்கா காட்டுகிற தழும்புகள் வசனம் பொய்யா என்று நீங்கள் கேட்கலாம். பொய்யில்லை. அது வருகிற ஏசாயா 53-ஐ மத்தேயு தன் 8-ஆம் அதிகாரத்தில் சரீர சுகத்தோடுதான் இணைக்கிறார், அதை ஆத்தும சுகம் மட்டும் என்று சுருக்குகிற போதகர்களோடு நான் சேரமாட்டேன். சிலுவையில் சரீரத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் எப்போது முழுசாகக் கைக்கு வரும் என்பதை ரோமர் 8:23 சொல்கிறது, சரீர மீட்புக்காக இன்னும் காத்திருந்து தவிக்கிறோம் என்று. இயேசு தொட்டுச் சுகமாக்கின ஒவ்வொருவரும் பிறகு ஒருநாள் செத்துத்தான் போனார்கள். லாசருவுக்கு இரண்டு தடவை சாவு. எலிசா எத்தனை அற்புதம் செய்தவர், வியாதியில்தான் இறந்தார், அதற்குப் பிறகு அவர் எலும்பில் பட்ட பிணம் உயிரோடு எழுந்தது. பைபிளே இப்படி நம் கணக்கைக் கலைத்துப் போடுகிறது.

என் அப்பா கதையையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. 1996-இல் ஒரு கூட்டத்தில் மேடையேறி, சர்க்கரை போய்விட்டது என்று சாட்சி சொன்னார். ஆயிரம் பேர் கை தட்டினார்கள். அன்றைக்கே இன்சுலினை நிறுத்தினார். லேபில் வேலை செய்கிற மகன் நான், ரத்தம் எடுக்கக் கைநீட்டச் சொன்னால், "சாட்சி சொன்னவன் டெஸ்ட் எடுக்கக் கூடாதுடா" என்றார். ஐந்தாம் மாதம் வலது கால் பெருவிரல் கறுத்தது, அப்புறம் முட்டிக்குக் கீழே எடுக்கவேண்டியதாயிற்று. மேடைக்குக் கைபிடித்து அழைத்துப்போனவர்களில் ஒருத்தரும் வார்டுக்கு வரவில்லை. வந்தது எங்கள் சபை ஐயர், அதாவது பாஸ்டர். ஒன்றும் பேசவில்லை, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார்.

இப்போது உங்கள் அண்ணன். அவர் சொல்வது கேட்கப் பக்தியாக இருக்கும், ஆனால் அது நம்மூர்த் தலையெழுத்துக்கு ஞானஸ்நானம் கொடுத்து தேவசித்தம் என்று பெயர் வைத்தது. தலையெழுத்தை எழுதியவனிடம் பேச முடியாது. வேதம் காட்டுகிற தேவனிடம் பேச முடியும், வாதாட முடியும், அழ முடியும். "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே" என்று கெத்செமனேயில் இயேசு சொன்னது எப்போது? இந்தப் பாத்திரத்தை எடுத்துவிடும் என்று கேட்ட பிறகு. கேட்காமலே முதல் வரியில் "உம் சித்தம்" என்று முடித்துவிடுவது பல நேரம் பக்தி கிடையாது, ஏமாந்துபோவோமோ என்கிற பயம். எனக்கும் அந்தப் பயம் உண்டு, அதனால்தான் தெரிகிறது.

முன்னமே தீர்மானித்தாகிவிட்டது என்றால் ஜெபம் எதற்கு, மருந்து எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு அப்போஸ்தலர் 27-ஐ விட நல்ல பதில் எனக்குக் கிடைக்கவில்லை. புயலில் சிக்கிய கப்பல், உள்ளே 276 பேர். ஒரு உயிர்ச்சேதமும் வராது என்று தேவதூதன் பவுலிடம் சொல்லிவிட்டான். முடிந்தது, தேவனே வாக்குக் கொடுத்தாயிற்று. அடுத்த சில வசனங்களில் கப்பலாட்கள் நங்கூரம் போடுகிற பாவனையில் படகை இறக்கித் தப்பப் பார்க்கிறார்கள். பவுல் என்ன செய்தார்? வாக்கு இருக்கிறதே, போனால் போகட்டும் என்று விடவில்லை. இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள் என்று நூற்றுக்கு அதிபதியிடம் சொல்லி நிறுத்தினார். கரை சேர்வது தேவனுடைய தீர்மானம், கப்பல் ஓட்டத் தெரிந்தவன் கப்பலில் இருப்பதும் அதே தீர்மானத்தின் பாகம். காசிமேட்டு மீனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், படகில் மாதா படமும் இருக்கும், டீசலும் இருக்கும்.

எசேக்கியாவும் அப்படித்தான். சாகப் போகிறாய் என்று ஏசாயா வந்து சொன்னார், ராஜா சுவர்ப்பக்கம் திரும்பி அழுதான், 15 வருடம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. பிறகு ஏசாயா அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்கிறார், அதைப் புண்ணின்மேல் வைக்கிறார்கள், பிழைக்கிறான். கண்ணீர், வாக்குத்தத்தம், அத்திப்பழப் பத்து எல்லாம் ஒரே அதிகாரத்தில். அந்தக் காலத்துப் பத்துக்கும் இந்தக் காலத்து டிரிப்ஸுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆர்.சி. வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்கள் பைபிளில் இருக்கிற சீராக் 38-ஆம் அதிகாரம் தெரிந்திருக்கும், மருத்துவனையும் ஆண்டவரே படைத்தார், மண்ணிலிருந்து மருந்தை உண்டாக்கினார், அறிவுள்ளவன் அதை ஒதுக்கமாட்டான் என்று வரும்.

அப்படியானால் அற்புத சுகம் உண்டா இல்லையா? உண்டு என்று நம்புகிறேன். அகஸ்டீன் இளமையில் அப்போஸ்தலர் காலத்தோடு அற்புதங்கள் நின்றுவிட்டன என்கிற மாதிரி எழுதியவர், வயதான காலத்தில் தான் பிஷப்பாக இருந்த ஹிப்போ ஊரிலேயே இரண்டு வருடத்துக்குள் எழுபதுக்குக் கிட்டத்தட்ட சாட்சிகளை எழுதி வாங்கிவைத்தார். எழுதி வாங்கினார் என்பதைக் கவனியுங்கள். பிரான்ஸில் இருக்கிற லூர்து மாதா கோயிலில் 1883 முதலே டாக்டர்கள் உட்கார்ந்து விசாரிக்கிறார்கள், ஏழாயிரத்துக்கும் மேல் சாட்சிகள் வந்தன, 2018-இல் திருச்சபை அற்புதம் என்று அறிவித்தது 70-ஆவது. ஏழாயிரத்தில் எழுபது! ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குக் காவி கட்டிக்கொண்டு பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு நடக்கிறவர்களை கேலி செய்கிற நம் சபைக்காரர்கள், வாராவாரம் மேடையில் ஐம்பது அற்புதம் அறிவிக்கிறவர்களிடம் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டாவது கேட்டதுண்டா?

ஜெபத்தை ஆராய்ச்சி செய்தும் பார்த்தார்கள். 2006-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, 1,802 பைபாஸ் நோயாளிகள். தங்களுக்காக யாராவது ஜெபிக்கிறார்களா என்று உறுதியாகத் தெரியாத இரண்டு பிரிவில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம், ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கு ஆபரேஷனுக்குப் பின் சிக்கல். உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்ட பிரிவில் 59. இதை வைத்து ஜெபம் வீண் என்று நான் சொல்லமாட்டேன், டோஸ் பார்த்து ஏற்றுகிற மருந்தா அது? ஆனால் அந்த 59 எனக்குப் பைபிள் கவர் அம்மாவை நினைவுபடுத்துகிறது. என்னை வைத்து எல்லோரும் எதையோ எதிர்பார்க்கிறார்கள் என்கிற பாரமும் நோயாளியின் மேல் ஏறினால் அது உடம்பைச் சும்மா விடுமா என்று தோன்றுகிறது.

சுகமாகாதவர்களையும் நாம் மேடையேற்ற வேண்டும். டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்த ஏமி கார்மைக்கேல் 1931-இல் கீழே விழுந்தார், 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறையிலேயே கிடந்தார், அந்தப் படுக்கையிலிருந்துதான் எழுதிக்கொண்டே இருந்தார். கொல்லிமலையில் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் மலேரியா முற்றி வருகிற பிளாக்வாட்டர் காய்ச்சலில் போனார். மலைக்காரர்கள் எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தவர் அவர். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகனுக்கு அப்போது பதினைந்து வயதுகூட ஆகவில்லை. அந்த மகன் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். குஷ்டரோகிகளை இயேசு தொட்டதை வாசித்து வளர்ந்தவர், கத்தியை எடுத்துக்கொண்டு அவர்களைத் தொட்டார். அப்பா சாகாவிட்டால் மகன் வந்திருக்க மாட்டார் என்றெல்லாம் கோத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சாவுக்கு அப்படி நியாயம் கற்பிக்கிறவர்கள் யோபுவின் சிநேகிதர்கள் மாதிரி, முதல் ஏழு நாள் வாய்மூடி உட்கார்ந்திருந்தபோதுதான் நன்றாக இருந்தார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் சபை ஆயரையோ மூப்பரையோ செவ்வாய்க்கிழமை சாயந்தரம் வீட்டுக்குக் கூப்பிடுங்கள், எண்ணெய் பூசி ஜெபிக்கட்டும், அது யாக்கோபு தந்த உரிமை. கட்டி கரையட்டும் என்றே கேளுங்கள், சுற்றி வளைக்க வேண்டாம். வெள்ளை அணுக்கள் விழாமல் இருக்கட்டும், ஊசி ஏற்ற நரம்பு கிடைக்கட்டும், வாந்தி குறையட்டும் என்றும் கேளுங்கள், இந்த மாதிரி சின்னதைக் கேட்க ஆட்களுக்கு ஏனோ கூச்சம். கடைசியில் "உம் சித்தம்" என்று சொல்லுங்கள், அம்மா சொல்லத் தயாராக இல்லையென்றால் அவர் சார்பில் நீங்கள் சொல்லுங்கள். ஜெபக்குழு அக்காவோடு சண்டை வேண்டாம். புதன்கிழமை டே கேரில் ஆறு மணி நேரம் அம்மா பக்கத்தில் உட்கார ஒரு ஆள் தேவைப்படுகிறது, வர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், வந்தாலும் வருவார். அண்ணனுக்கு பில் கவுண்டர் வேலையைக் கொடுங்கள்.

அப்புறம் ஒன்று. வாந்திக்கும் காய்ச்சலுக்கும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய மாத்திரைகளை அம்மா உங்கள் கண்முன் தண்ணீர் குடித்து விழுங்குகிறாரா என்று பாருங்கள். இன்றைக்கு ராத்திரி அவர் தூங்கினபிறகு, பைபிள் கவரின் உள்பையையும் ஒருதடவை திறந்து பார்த்துவிடுங்கள்.